ஹவில்தாருக்கு ஊதிய மூன்று சங்கு

1973 பிப்ரவரி 21, புதன்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். கடும் பனி. 5.50-க்கு ஆபீஸைத் திறந்து விளக்கைப் போட்டேன். மேல் டிவிஷனில் 6.30-க்குப் பெரட்டு. ஆள் கூப்பிட்டு, செக்ரோலில் வருகை குறித்து, யார் யார் எந்தக் காட்டில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்பி முடித்தபோது 7.05. ஒரு கட்டன் சாயா. 7.20-க்குத் தபால் பை. டிஸ்பென்சரியிலிருந்து மருந்துப் பட்டியல், பார்த்துக் கையெழுத்து.

டைரியில் இதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: "10.40 – ஹவில்தார் மாடசாமி வரவேற்பு." பக்கத்தில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். அவ்வளவு உற்சாகம்.

வண்டிப்பெரியாரில் வெல்ஃபேர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். போன மாதம் உங்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்தீர்கள். எஸ்டேட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு விழா எடுக்கப் போகிறோம், நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் தாருங்கள் என்றீர்கள். சால்வை, கேடயம், குழுப் படம், மதியச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. என்னுடைய நிரலிலும் ஒரு குறையும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன்.

மாடசாமி எங்கள் எஸ்டேட்டில் பிறந்தவர். 1958-ல் பட்டாளத்தில் சேர்ந்து, வடகிழக்கு மலைப் பாதைகளில் கான்வாய் லாரி ஓட்டினார். எங்களிடமிருந்து போய்ப் பதினைந்து வருடச் சர்வீஸையும் முடித்துத் திரும்பும் முதல் ஆள் அவர்தான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நல்லாச் செய்யணும்" என்று ஒரே வார்த்தை சொன்னார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எல்லாருக்கும் அவர் துரை. துரை ஒரு வார்த்தை சொன்னால் நான் ஒரு பக்கம் எழுதுவேன்.

கம்பம் ஊரிலிருந்து செவ்வந்தி மாலை. பாக்டரி வாசலில் வாழை மரம் இரண்டு. தப்பு அடிக்க நாலு பேர். துரை பேசுவது ஐந்து நிமிடம், பெரிய கிளார்க் மூன்று நிமிடம், நான் வரவேற்பிதழ் படிப்பது நாலு நிமிடம். இவ்வளவும் யாரும் செய்வது. எனக்கென்று ஒரு யோசனை வந்தது. பஸ் வளைவில் திரும்பும்போது பாக்டரிச் சங்கை மூன்று முறை ஊத வேண்டும்! பட்டாளத்தில் பீரங்கி மரியாதை உண்டென்று கேள்விப்பட்டிருந்தேன். நம்மிடம் பீரங்கி இல்லை, சங்கு இருக்கிறதே!

சங்கு எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். காலை ஆறு, ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு. நீளமாக ஒரே ஊதல். விட்டு விட்டு ஊதினால் ஆபத்து. அதற்கு இரண்டு வருடம் முன்பு கொழுந்து வாட்டும் மாடியில் தீப்பிடித்தபோது அப்படித்தான் ஊதியது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அறிவிப்பு எழுதினேன்: "10.40-க்கு ஊதும் சங்கு வரவேற்புக்காக. யாரும் பயப்பட வேண்டாம்." மேல் டிவிஷன் பெரட்டில் நானே படித்தேன். கீழ் டிவிஷனுக்குச் சீட்டாக அனுப்பி, கங்காணி கருப்பையாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. யாராவது படித்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர் அந்தச் சீட்டைக் கோட்டுப் பையில் வைத்தார். வெயில் ஏறியதும் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார்.

பெரியாறு அன்றும் இன்றும் எஸ்டேட்டை இரண்டாகப் பிரிக்கிறது. இக்கரையில் ரோடு, பாக்டரி, ஆபீஸ், மேல் டிவிஷன். அக்கரையில் கீழ் டிவிஷன். வேலை நேரத்தில் இரண்டு டிவிஷன் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஒரே பிள்ளை மடம், அது பாக்டரியை ஒட்டி இக்கரையில். நடுவே இப்போது நீங்கள் ஜீப் ஓட்டிப் போகிற கான்கிரீட் பாலம் அன்று இல்லை. இரும்புக் கம்பியும் மரப்பலகையுமாக ஒரு தொங்குபாலம். "ஒரே நேரத்தில் பத்துப் பேர்" என்று நான் எழுதிய போர்டு இரண்டு முனையிலும் தொங்கியது.

பஸ் ஆறு நிமிடம் தாமதம். 10.46-க்கு வளைவில் தலை தெரிந்தது. நான் கைக்குட்டையை ஆட்டினேன். முதல் சங்கு! தப்பு அதிர்ந்தது. பஸ் டிரைவரும் சேர்ந்து ஹாரன் அடித்தார். இரண்டாவது சங்கு! பஸ் நின்றது. பச்சை டிரங்குப் பெட்டி முதலில் இறங்கியது, பிறகு மாடசாமி. துரை மாலையைப் போட்டார். மேல் டிவிஷன் ஆட்கள் விசிலடித்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க!" என்று நான் கையைப் பிடித்தேன்.

"நல்லா இருக்கீகளா கிளார்க்கையா?" என்றார். கண் கூட்டத்தைத் தேடியது. "பேச்சி எங்க? வரலியா?"

பேச்சியம்மாள் அவர் மனைவி. பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது நடந்த கல்யாணம். கீழ் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். என் நிரலில் பதினான்கு பேருடைய பெயரும் நேரமும் இருந்தன. அவர் பெயர் இல்லை. அன்று காலை அவருக்கு வழக்கம்போல் வேலை போட்டு, வழக்கம்போல் வருகை குறித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது சங்கு.

"என்னய்யா சங்கு? தீயா?"

"இல்ல அண்ணாச்சி, உங்களுக்குத்தான். மூணு சங்கு மரியாதை."

"எனக்கா?" சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "அக்கரையில சொல்லியாச்சா?"

"சீட்டு அனுப்பியிருக்கேன்."

"சீட்டா?"

அவர் கையைத் தூக்கினார். தப்பு நின்றது. அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. ஆற்றுக்கு அப்பால் எண்பது பெண்களின் கூக்குரல். சரிவில் கூடைகள் உருண்டன. தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு எல்லாரும் பாலத்தை நோக்கி ஓடி வந்தார்கள். பிள்ளைகள் இக்கரையில், சங்கு விட்டு விட்டு ஊதியிருக்கிறது. வேறென்ன நினைப்பார்கள்?

மாடசாமி மாலையோடு ஓடினார். நான் பின்னால். ஆற்றுக்கு இறங்க அறுபத்திரண்டு படி. கீழே போய்ச் சேர்ந்தபோது முன்னால் ஓடி வந்தவர்கள் பாலத்தில் ஏறிவிட்டார்கள். பழக்க தோஷம், எண்ணினேன்: பதினேழு. அவர்களுக்குப் பின்னால் அக்கரைச் சரிவு முழுக்க ஆட்கள். பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்திருந்தது. கீழே பாறை.

"தீ இல்ல! தீ இல்ல!" என்று கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாடசாமி என் தோளைப் பிடித்தார். "கத்தாதீக. நீங்க கத்துறதப் பாத்தா இன்னும் ஓடுவாக. நாலு மணிச் சங்கு போடச் சொல்லுங்க. ஒரே சங்கு, நீட்டமா. நான் கை காட்டுற வரைக்கும் விடக்கூடாது. ஓடுங்க!"

ஓடினேன். முப்பத்தாறு வயதில் அப்படி ஓடியது அன்றுதான். பாய்லர் ரூமில் பாஸ்கரன் நின்றான். ஆலப்புழைக்காரன், சொன்னால் சொன்னபடி நடப்பவன்.

"சங்கு போடு! நாலு மணிச் சங்கு!"

"சீட்டெவிடெ சாரே?"

"என்னது?"

"சீட்டில்லாதெ ஊதான் பாடில்லெந்நு சாரல்லே பறஞ்ஞது?"

சீட்டு இல்லாமல் சங்கு ஊதக்கூடாது என்று உத்தரவு போட்டவன் நான்தான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவனைத் தள்ளிவிட்டுச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். என் சர்வீஸில் காகிதம் இல்லாமல் நான் செய்த முதல் காரியம் அது.

ஜன்னல் வழியாக அக்கரை தெரிந்தது. நாலு மணிச் சங்கு கேட்டால் கொழுந்து எடுக்கும் கை நிற்கும், முதுகு நிமிரும், கண் கூடையைத் தேடும். வருடக்கணக்காக உடம்பில் ஏறிய பழக்கம். பத்து எண்ணுவதற்குள் சரிவில் ஓட்டம் தளர்ந்தது. இருபது எண்ணியபோது நின்றுவிட்டார்கள்! சிலர் திரும்பிக் கூடையைத் தேடினார்கள். இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை, என்ன சங்கு இது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கிலியை விடாமலே நான் கூத்தாடினேன். கீழே மாடசாமியின் கை உயர்ந்தது. சங்கிலியை விட்டேன்.

"சீட்டு பின்னே தருமோ?" என்றான் பாஸ்கரன்.

"தர்றேன்டா!" என்று கத்திக்கொண்டு மறுபடி ஓடினேன்.

கூத்தாடியது அவசரம். பாலத்தில் இருந்த பதினேழு பேரையும் அதே சங்கு நிறுத்தியிருந்தது, நட்டநடுவில். நின்ற இடத்தில் கனம் சேர்ந்து ஒரு பலகை முறிந்துவிட்டது. கடைசியில் நின்ற செல்லம்மா என்ற பெண்ணின் கால் தொடைவரை ஓட்டைக்குள் போயிருந்தது. இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்கள். யாரும் முன்னால் ஓர் அடி வைக்கவில்லை. முதல் ஆளாக நின்றது பேச்சியம்மாள்.

மாடசாமி பாலத்தில் ஏறவில்லை. பாலத்துக் கம்பியைப் பூட்டியிருக்கும் சிமெண்ட் கட்டை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை. வாயில் பீடி. இந்த மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

"ஏ பேச்சி!" லயத்து வாசலில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்தார். மாலையைப் பார்த்தார். பீடியைப் பார்த்தார்.

"பஸ்ஸு கவுந்துபோச்சுன்னு உசுரு பதற ஓடியாறேன் நான். நீ உக்காந்து பீடியா குடிக்க!"

"ஆமா. வா, ரெண்டு இழுப்பு மிச்சம் வைக்கேன்."

"உன் பட்டாளத்துல இடி விழ! பதிமூணு வருசமா லெட்டரப் பாத்துப் பாத்து..."

"திட்டு. நடந்துக்கிட்டே திட்டு. நின்னு திட்டாத."

"நான் ஏன்யா நடக்கணும்? நீ வா!"

"எனக்கு மாலை போட்டிருக்காகல்ல. மாலை போட்டவன் எந்திரிக்கப்படாது. கிளார்க்கையா சட்டம்."

பேச்சியம்மாளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பாலத்தின் நடுவில், முறிந்த பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு! பேச்சியம்மாளின் கால் நகர்ந்தது.

"அந்தக் கிளார்க்கக் காட்டு! அவன் சட்டத்த நான் பாக்கேன்!"

"இந்தா, பக்கத்துல தான் நிக்காரு. வா, வந்து பாரு."

நான் கட்டைக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்துகொண்டேன். பேச்சியம்மாள் ஓர் அடிக்கு ஒரு வசவாக வந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர். மாடசாமி உதட்டுக்குள் "ஏக், தோ, தீன்" என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒற்றை வழிப் பாலத்தில் லாரிகளைக் கடக்கவிடும்போது அப்படித்தான் எண்ணுவார்களாம். கரை ஏறிய பேச்சியம்மாள் நேராக வந்து அவர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். பதினைந்து வருடச் சர்வீஸ் முடித்து வந்தவருக்குக் குடும்பத்தார் அளித்த வரவேற்பு அது.

செல்லம்மாவும் பிடித்துக்கொண்டிருந்த இருவரும் மட்டும் மிஞ்சியபோது மாடசாமி எழுந்தார். மாலையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். பலகை பலகையாகக் கால் வைத்துப் போய்ச் செல்லம்மாவின் காலை விடுவித்துத் தூக்கி வந்தார். முழங்காலுக்குக் கீழே ஐந்து தையல். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. நேரம் 11.09.

"பீடி பத்தவைக்க நாலு குச்சி ஆச்சு, பாத்தீகளா? அம்புட்டுப் பயம்" என்றார் என்னிடம். எதையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை.

துரை படியிறங்கி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "கீழ் டிவிஷனுக்கு ஏன் சொல்லலை? யார் பொறுப்பு?"

கங்காணி கருப்பையா அக்கரையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தார். கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். என் சட்டைப் பையில் அவர் கைநாட்டு வைத்த நகல் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் வேலை போயிருக்கும். இந்த இடத்தில் நான் பெரிய மனிதனாக நடந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். கை பைக்குள் போனது உண்மை. பக்கத்தில் பேச்சியம்மாள் மாலையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"நான்தான் சார்," என்றேன். "நேரில் போய்ச் சொல்லியிருக்கணும். போகலை." அதற்கு ஒரு மெமோ வந்தது. அது என் ஃபைலில் இன்னும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

விழா 11.40-க்குத் தொடங்கியது. கீழ் டிவிஷன் பெண்களைப் பாலத்தின் ஓரமாக ஒவ்வொருவராக அழைத்து வந்தோம். மேடையில் மூன்று நாற்காலி: துரைக்கு, பெரிய கிளார்க்குக்கு, மாடசாமிக்கு. மாடசாமி உட்காரவில்லை.

"என்ன மாடசாமி, உட்காருங்க" என்றார் துரை.

"நாற்காலி ஒண்ணு குறையுதுங்க."

எனக்கு அப்போதாவது புரிந்ததே! ஆபீசுக்கு ஓடி என் நாற்காலியைத் தூக்கி வந்தேன். பேச்சியம்மாள் இடுப்பில் கட்டிய சாக்கோடு கூட்டத்தில் நின்றார்.

"துரைக்கு முன்னாலயா? நான் மாட்டேன்."

"பாலத்துல நின்னு பட்டாளத்தையே திட்டின. நாற்காலிக்குப் பயமாக்கும்?" என்றார் மாடசாமி.

கூட்டம் ஓவென்று சிரித்தது. பெண்கள் பேச்சியம்மாளைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார்கள். அவர் நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவதுபோல் உட்கார்ந்தார். என் வரவேற்பிதழ் ஓட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. ஆகவே யாரும் அதைக் கேட்கவில்லை, கவலையும் படவில்லை. துரையும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் நாலு வாக்கியம் பேசினார். மூன்று மாடசாமிக்கு. நாலாவது: "பதிமூணு வருஷம் இவரை அனுப்பி வெச்சு, வீட்டைப் பார்த்துக்கிட்ட அம்மாவுக்கும் எஸ்டேட் நன்றி சொல்லுது." பெண்கள் குலவை போட்டார்கள். அப்படியொரு குலவையைக் கோயில் கொடையில்கூட நான் கேட்டதில்லை. என் மூன்று சங்கும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

சாயங்காலம் 5.15-க்கு அவர்கள் லயத்துக்குப் போனேன். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"எனக்கு நாளைக்கு லீவு" என்றார் பேச்சியம்மாள், யோசிக்காமல்.

"எனக்கு ஒரு பலகை" என்றார் மாடசாமி. "நாலு அங்குல ஆணி கொஞ்சம்."

அதன் பிறகு நான் எடுத்த எந்த வரவேற்புக்கும் முதலில் ஆளைக் கேட்டேன். வீட்டாரையும் கேட்டேன். ஒருவருக்குத் தப்பும் மாலையும் வேண்டும், எவ்வளவு அடித்தாலும் போதாது. 1976-ல் வந்த ஒருவர், "மாலை வேண்டாம், சண்டையப் பத்தி யாரும் கேக்க வேண்டாம், என்னைப் பழையபடி செடி கவ்வாத்து வெட்டுற கோஷ்டியில போடுங்க" என்றார். போட்டோம். அவ்வளவுதான் அவருக்கு விழா. உங்கள் பட்டியலில் உள்ளவர்களின் லயத்துக்கு நீங்கள் இன்னும் போகவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். சீட்டு அனுப்பாதீர்கள்.

பிப்ரவரி 22, வியாழன். காலை 5.40. பெரட்டுக்கு முன்னால், முதல் வேலையாக, ஒரு பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். மாடசாமி அதற்கு முன்பே வந்து முறிந்த துண்டைக் கழற்றியிருந்தார். அவர் ஒரு முனையில் ஆணி அடித்தார், நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். லீவில் இருந்த பேச்சியம்மாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சிமெண்ட் கட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"கோணலா இருக்கு, கிளார்க்கையா" என்றார். "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

தூக்கிப் பிடித்தேன்.